பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நம் காம்பவுண்டுக்குள் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருச்சிக்கு வெளியே, வயலை மனையாக்கிப் போட்ட ஒரு பகுதியில் இருக்கிறது. பன்னிரண்டு சென்ட் இடம். ஒரு கொய்யா, ஒரு மாமரம், வயலாக இருந்த காலத்துக் கிணறு ஒன்று. இருபது வருடமாகத் தெருப் பிள்ளைகள் சுவரேறி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் சில வருடம் பொறுப்பில் இருந்தபோது இந்த விஷயமாக வந்த பஞ்சாயத்துகளும் நிறைய. வழக்கமாக வந்த கேள்விகளையும், நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் என்று சொல்வதெல்லாம் நம் நாட்டுச் சட்டம்தான். கோர்ட் வரை போகிற நிலை வந்துவிட்டால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

பந்து எடுக்கச் சுவரேறிக் குதிக்கிறார்கள். இது குற்றமா?

குற்றம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவுதான் அத்துமீறி நுழைவதைப் பற்றிச் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 441, 447 என்று இருந்தது. வெறுமனே உள்ளே வந்தாலே அந்தப் பிரிவு பொருந்திவிடாது. ஏதாவது குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று தேடி வருகிற பையனிடம் அந்த எண்ணம் கிடையாது.

அதற்காக அவனுக்கு உள்ளே வர உரிமை இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அனுமதி இல்லாமல் பிறர் இடத்தில் காலடி வைப்பது உரிமையியல் சட்டப்படி தவறுதான். "என்னைக் கேட்காமல் வராதே" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிறார்கள். அப்போதாவது போலீஸ் நடவடிக்கை எடுக்குமா?

இங்கே வயதுதான் முக்கியம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை எது செய்தாலும் சட்டத்தின் கண்ணில் குற்றமே இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அதுவும் குற்றம் ஆகாது. பதினெட்டு வயது முடியாத எல்லோருக்கும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பொருந்தும். அதன்படி விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்குப் போகாது. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இந்த மாதிரி சிறிய விஷயங்களுக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்துவிட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

"ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தினால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையைக் காக்கிச்சட்டையைக் காட்டிப் பயமுறுத்துவதை என் மனம் ஏற்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டுக்காரர்களோடு வாழ்நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேச முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையும் களவுமாகப் பிடித்தேன். இரண்டு அடி கொடுத்தால் என்ன தப்பு?

தப்புதான், அதுவும் சட்டப்படி பெரிய தப்பு. பிள்ளை உள்ளே வந்தது குற்றமாகாமல் போகலாம். நீங்கள் அடித்தது நிச்சயம் குற்றம். காயம் ஏற்படுத்தியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆவது பிரிவில் (கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவுகளும் இதில் உள்ளவைதான்) ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "அப்பா வரும் வரைக்கும் இங்கேயே இரு" என்று ரூமில் வைத்துப் பூட்டினால் 127ஆவது பிரிவு, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல். மரத்தில் கட்டி வைப்பதும் இதில்தான் வரும். சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 37ஆவது பிரிவு கோடு போட்டுவிடுகிறது. நாலு கொய்யாக்காயைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை அடிப்பது எந்தத் தேவையிலும் சேராது.

எங்கள் தெருவில் ஒருவர் ஆத்திரத்தில் ஒரு பையனின் காதைப் பிடித்துத் திருகிவிட்டார். காதுமடலுக்குக் கீழே நகம் பட்டு ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான். அன்று ராத்திரி அந்தப் பையனின் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அதுவரை அவர் பக்கம் இருந்த நியாயமெல்லாம் அந்தக் கீறலோடு போய்விட்டது. பையன் மூன்று மாதமாக அவர் வீட்டுப் பைப்பைத் திறந்துவிட்டு ஓடியதைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லை.

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது? பேசினால் சண்டைதான் வருகிறது.

சண்டை வருவதற்குப் பெரும்பாலும் நேரமும் இடமும்தான் காரணம். சம்பவம் நடந்த சூட்டிலேயே போய், தெருவே பார்க்க "உங்க பையன வளத்திருக்கிற லட்சணத்தப் பாருங்க" என்று ஆரம்பித்தால் எந்தத் தாயும் "அப்படியா, மன்னிச்சிடுங்க" என்று சொல்ல மாட்டாள். தன் வளர்ப்பைக் குறை சொல்லிவிட்டார்கள் என்ற ரோஷம்தான் முதலில் வரும். பையன் செய்தது அப்புறம்தான் காதில் விழும்.

ஒரு நாள் தள்ளிப் போங்கள். இருவருமே வேலை முடித்து வந்து, சாப்பிட்டு, ஆசுவாசமாக இருக்கும் நேரம் பாருங்கள். ஞாயிறு காலை நல்ல நேரம். வாசலில் நின்றே பேசாமல் உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

நான் ஒருமுறை பேசியதை அப்படியே சொல்கிறேன். "அக்கா, தம்பி நேத்து எங்க வீட்டுப் பின்பக்கம் வந்திருந்தான். பந்துக்காகத்தான் வந்தான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அங்க கிணறு இருக்கு. மேல கம்பி வலை போட்டிருக்கேன், இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கு. பந்து விழுந்தா கேட்டைத் தட்டட்டும், நானே எடுத்துத் தர்றேன். நான் இல்லாதப்போ மட்டும் ஏற வேண்டாம்னு நீங்க சொன்னாத்தான் கேட்பான்." அந்த அக்கா உடனே பையனைக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நான் தடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதில் நான் கவனித்தது ஒன்று. "என் இடம், என் உரிமை" என்று தொடங்கினால் எதிராளியும் தன் உரிமையைத் தேட ஆரம்பிக்கிறார். "பிள்ளைக்கு அடிபட்டுவிடும்" என்று தொடங்கினால் இருவரும் ஒரே பக்கம் வந்துவிடுகிறோம். அதைத் தந்திரமாகச் சொல்லக் கூடாது, உண்மையாகவே அந்தக் கவலை இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கவலை எப்படி வந்தது என்பதைக் கீழே சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்புறம், "வராதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அது நிற்காது. பந்து நாளைக்கும் விழத்தான் போகிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டைத் தட்டு, பெல் அடி, ஆள் இல்லையென்றால் சாயங்காலம் வா. பிள்ளைகளால் கடைப்பிடிக்க முடிகிற விதி இவ்வளவுதான்.

விழுந்த பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. உங்கள் இடத்தில் விழுந்ததால் பந்து உங்களுடையது ஆகிவிடாது. சிலர் பிள்ளைகள் கண்ணெதிரே அரிவாள்மனையில் வைத்து அறுத்து வெளியே எறிவார்கள். அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துவது சட்டப்படியும் குற்றம்தான். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்தோ பத்தோ போட்டு வாங்கிய பந்து அது. அறுபட்ட பந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. யார் காசு கொடுப்பது?

பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர் தானாகவே பொறுப்பாகிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி இல்லை. பெற்றோரின் கவனக்குறைவும் அதில் இருந்தது என்று காட்டினால்தான் அவர்களிடம் கேட்க முடியும். ஒரு கண்ணாடிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. கண்ணாடிக் கடையில் பில் வாங்கி, பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு, மீதியை விளையாடிய எல்லா வீட்டிலும் பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அடித்த ஒரு பையன் தலையில் மட்டும் மொத்தத்தையும் கட்டாதீர்கள்.

மாங்காய், கொய்யா ஒன்றையும் மரத்தில் விட்டு வைப்பதில்லை.

சட்டத்தைக் கேட்டால் திருட்டு என்றுதான் சொல்லும். பெரியவரே செய்தாலும், பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகத் தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் இப்போது தண்டனை. பெரியவருக்கே அப்படி என்றால் பிள்ளைகள் விஷயத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். தெருப் பக்கம் சாய்ந்த கிளை பிள்ளைகளுக்கு, உள்பக்கக் கிளை எங்களுக்கு. பறிக்க ஒரு தொரட்டியும் கேட் ஓரம் சாத்தி வைத்தோம். மரம் ஏறுவது அதோடு நின்றது. முருங்கை மரம் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். மாவோ புளியோ பிள்ளையின் எடையைத் தாங்கும். முருங்கைக் கிளை பார்க்கத் தடிமனாக இருந்தாலும் படக்கென்று முறிந்துவிடும்.

கேட்காமல் வந்த பிள்ளைக்கு என் இடத்தில் அடிபட்டால் நான் பொறுப்பாளியா?

ஆக வாய்ப்பு இருக்கிறது. "நான் கூப்பிடவில்லையே, அவனாக வந்தான்" என்ற வாதம் குழந்தைகள் விஷயத்தில் முழுதாக எடுபடாது.

1922இல் பிரிட்டனில் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கு உண்டு. கிளாஸ்கோ நகரத் தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஒரு புதரில் பழுத்துத் தொங்கிய பழங்களைப் பறித்துத் தின்று இறந்துபோனான். அவை விஷப்பழங்கள். கருப்பாக, திராட்சை போலப் பளபளப்பாக இருந்தன. குழந்தைகளைத் தடுக்கிற மாதிரி வேலி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. குழந்தையை ஆசைகாட்டி இழுக்கிற ஆபத்தான ஒன்றை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, எடுத்தது அவன் தப்பு என்று நகராட்சி கைகழுவ முடியாது என்று தீர்ப்பானது. அது பொதுப் பூங்கா, நம்முடையது தனி இடம், வித்தியாசம் உண்டு. ஆனால் நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டமும் ஆங்கிலேயச் சட்டத்தின் வேரிலிருந்து வந்ததுதான். குழந்தைகள் அடிக்கடி வருகிறார்கள் என்று தெரிந்தும் ஆபத்தைத் திறந்து போட்டிருந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கும். கவனக்குறைவால் உயிரே போனால் 106ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

சட்டம் கிடக்கட்டும். ஒரு மே மாத மதியம் பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எங்கள் சம்ப் மூடியின் மேல் நிற்கிறான். பந்து அவன் காலடியில். மூடி பழைய தகரம். ஓரமெல்லாம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அவன் எடைக்கு நடுவில் ஒரு சாண் குழிந்து நின்றது. கீழே ஏழடி ஆழம், அன்று காலைதான் லாரித் தண்ணீர் இறக்கி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கத்தினால் குதிப்பானோ என்ற பயத்தில் குரலே எழும்பவில்லை. "தம்பி, அப்படியே மெதுவா இந்தப் பக்கம் வா" என்று கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்து, திட்டப் போகிறேன் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டான். கையைப் பிடித்து இழுத்த பிறகு இருவருமே படியில் உட்கார்ந்துவிட்டோம். மூடியை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். மறுநாளே செக்கர் பிளேட்டில் மூடி செய்து பூட்டும் போட்டேன்.

அதனால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் உங்கள் இடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க் மூடிகள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மேலே இரும்பு வலையும். கீழே தொங்கும் மோட்டார் ஒயர். வீடு கட்டும்போது மிச்சமான ஆணி அடித்த பலகைகள். தண்ணீர் வராத போர் குழாயை மூடி போட்டு விட்டால் போதாது, மண்ணும் கல்லும் கொட்டி அடியிலிருந்து மேல்மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு குழிக்குள் விழுந்து, நான்கு நாள் தோண்டியும் உயிரோடு மீட்க முடியவில்லை. எங்களுக்கெல்லாம் பக்கத்து ஊர் அது. அந்தத் தீபாவளியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

செடிகளையும் பாருங்கள். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு மூன்றும் வேலியோரம் பரவலாகக் காணப்படும் விஷச்செடிகள். காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தி பேதியோடு பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். தின்றது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், 108க்கு அழையுங்கள். தின்ற செடியில் ஒரு கொத்தை ஒடித்துக் கையில் கொண்டுபோங்கள், டாக்டருக்கு உதவும்.

மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கலாமா? முள்கம்பி? மின்வேலி?

சுவரை உயர்த்துங்கள், அது போதும். முள்கம்பி கட்டினால் பெரியவர் கைக்கு எட்டாத உயரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கட்டுங்கள். கண்ணாடிச் சில்லு பதிக்கும் வழக்கம் நம்மிடம் பழையதுதான், ஆனால் திருடன் சாக்கைப் போட்டு ஏறிவிடுவான். கை கிழிபடுவது பந்து எடுக்க வந்த பிள்ளைக்குத்தான். ஒளித்து வைக்கிற ஆணி, கண்ணி எதுவும் கூடவே கூடாது.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம். காட்டுப்பன்றிக்கு வைத்தேன் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. ஆள் இறந்தால் கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவிலேயே வழக்குப் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. அது கடித்துவிட்டால்?

'நாய்கள் ஜாக்கிரதை' பலகை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு நிற்காது. வளர்க்கும் விலங்கை ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் விட்டால் 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம் உண்டு. பிள்ளைகள் வந்து போகும் மாலை நேரத்தில் கட்டிப் போடுங்கள். வருடா வருடம் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஊசி அங்கே இலவசம். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்கு வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

என் காலி மனை கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. விட்டுவிட்டால் பின்னால் இடம் கைவிட்டுப் போய்விடுமா?

வெளியூரில் இருப்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டு விளையாடுவதால் இடம் யாருக்கும் சொந்தமாகாது. எதிரிடை அனுபவ உரிமை கேட்க, உங்கள் உரிமையை மறுத்து, பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து இடத்தைத் தன் கையில் வைத்திருந்ததாகக் காட்ட வேண்டும். விளையாட்டு அதில் சேராது.

பாதை விஷயம் வேறு. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இன்படி, யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையோடு, வெளிப்படையாக, இடைவிடாமல் இருபது ஆண்டு ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தால் வழியுரிமை கேட்க முடியும். அனுமதி வாங்கிப் பயன்படுத்தினால் அந்த உரிமை வராது. அதனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் குறுக்கே நடக்கிறார்கள் என்றால் பதறி வேலி போட வேண்டியதில்லை. "நான் வீடு கட்டும் வரை நடந்துபோக அனுமதிக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்வேன்" என்று சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடமும் பத்திரம், பிள்ளைகளும் மெயின் ரோட்டைச் சுற்றிப் போக வேண்டாம். புதர் மண்டாமல் வெட்டி விடுவது மட்டும் உங்கள் பொறுப்பு. பாம்பு வருவது அதனால்தான்.

புகார் சொல்லும் முன் பட்டாவையும் புல வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். நம்முடையது என்று நினைத்த மூலை சில நேரம் பொதுப்பாதையாக இருக்கும்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியுமா? தமிழ்நாட்டு விதிகளின்படி பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் பகுதியில் அந்த இடத்தில் கட்டுமான மணலும் கருவேலமும்தான் கிடந்தன. அங்கீகரித்த வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு சங்கம் சார்பாக நாலைந்து மனு போட்டோம். சுத்தம் செய்து கொடுக்கவே ஒரு வருடம் ஆனது. ஆனால் எங்கள் தெருவில் சுவரேறுவது பாதியாகக் குறைந்தது அன்றிலிருந்துதான். விளையாட இடம் இல்லாத பிள்ளை எங்கே போகும்?

மொட்டை மாடி வழியாகத் தாண்டி வருகிறார்கள்.

இதில் பொறுமையே வேண்டாம், அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் இரண்டடி இடைவெளியைத் தாண்டுவது அவர்களுக்கு விளையாட்டு. பட்டம் விடும் காலத்தில் கண் வானத்தில்தான் இருக்கும். மாடிக் கதவைப் பூட்டுங்கள், கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள்.

வாடகைக்கு இருக்கிறேன். நான் கேட்க முடியுமா?

முடியும். இடம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டியவர். சம்ப் மூடி, சுவர் போன்ற வேலைகளுக்கு வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிசிடிவியில் முகம் தெளிவாக இருக்கிறது. தெரு வாட்ஸப் குழுவில் போடலாமா?

வேண்டாம். பெற்றோருக்கு மட்டும் தனியாகக் காட்டுங்கள். "இந்தத் திருட்டுப் பசங்களைப் பாருங்க" என்று போட்ட வீடியோ அந்தப் பையனின் பள்ளிக்கூடம் வரை போகும். திரும்ப எடுக்க முடியாது. புகார், விசாரணை என்று ஆகிவிட்ட பிறகு பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதச் சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. கேமரா உங்கள் கேட்டையும் சுவரையும் பார்க்கட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம்.

"அந்தத் தெருப் பசங்க" வந்தால்தான் பிரச்சினை என்கிறார்கள்.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரே மாமரத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏறுவார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைப் பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முன்ஜாமீன் கிடைப்பதும் அரிது. சட்டம் இல்லாவிட்டாலும், பத்து வயதில் கேட்ட அந்த வார்த்தை அறுபது வயதிலும் காதில் இருக்கும். உங்கள் விதி என்னவோ அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. வேண்டுமென்றே கல் எறிகிறார்கள், செடியைப் பிடுங்குகிறார்கள்.

முதலில் தேதி, நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பெற்றோருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கமோ, வார்டு உறுப்பினரோ, இரு வீட்டுக்கும் வேண்டிய பெரியவரோ நடுவில் இருந்து பேசட்டும்.

அதிலும் ஆகவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நல அலுவலராக ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேட்டுப் பேசுங்கள். பெற்றோரே தூண்டிவிடுகிறார்கள் என்றால் மனுவைப் பெற்றோர் மேல் கொடுங்கள். தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் சமரசத்துக்கு மனு போடலாம், செலவு கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கடைசி வழி, நுழையக் கூடாது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை வாங்குவது. அது வருடக்கணக்கில் இழுக்கும். நான் பார்த்தவரை, வழக்கு முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு குழந்தை தினமும் வந்து எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. போகச் சொன்னாலும் போகவில்லை.

துரத்தாதீர்கள். வீடு பூட்டியிருக்கலாம், அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருக்கலாம். பசியாக இருக்கலாம். வீட்டில் குடி, அடி என்று போகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். "சாப்டியாம்மா?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

திண்ணையில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். உள்ளே தனியாகக் கூப்பிட வேண்டாம், அது குழந்தைக்கும் நல்ல பழக்கமில்லை. தாயிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் காயம் தெரிந்தால், வீட்டுக்குப் போகச் சொன்னதும் நடுங்கினால், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம்.

எங்கள் தெருவில் அப்படி வந்து உட்கார்ந்த ஒரு பெண் குழந்தைக்கு வீட்டில் இருந்த பிரச்சினை, சாயங்காலம் ஆறு மணி வரை சாவி இல்லை என்பது மட்டும்தான். அவள் அம்மா மில் வேலைக்குப் போகிறவர். இப்போது ஒரு சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாலரை மணிக்குக் கேட்டைத் தட்டி வாங்கிக்கொண்டு போகிறாள்.